சாவா மூவாப் பேராடு: சிறுகடன் வரலாறு பற்றிய ஓர் ஆராய்ச்சி



சென்ற மாதம் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் சேமநிதியைப் பற்றிய பேச்சு எழுந்தமை அங்கத்தினர் பலர்க்கும் நினைவிருக்கும். தொழில் தொடங்க விரும்பும் எளிய குடும்பத்தார்க்கு அந்நிதியினின்றும் சிறுசிறு தொகைகளைக் கடனாகக் கொடுத்தல் வேண்டும் என்றனர் சிலர். கொடுத்த பணம் திரும்பி வாராது. நிதியும் போம், உறவும் போம் என்றனர் வேறு சிலர். அப்பொழுது, வெளிநாட்டில் உத்தியோகத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நம் இளைஞர் ஒருவர் எழுந்து, தாம் சில ஆண்டுகளாகவே ஆளுக்கு 25 டாலர் வீதம் பல தேசத்து ஏழைத் தொழிலாளர்க்கு இணையத்தின் வழியாகக் கடன் கொடுத்து வருவதாகவும், முகமறியாத அன்னிய நாட்டார்க்குக் கொடுக்கத் துணிந்த தமக்கு முகமறிந்த நம்மவர்க்குக் கொடுப்பது அச்சமாகத் தோன்றவில்லை என்றும் கூறினார். கூட்டத்தார் முடிவொன்றும் செய்யாமலே கலைந்தனர்.

எளியேன் ஒரு தமிழாசிரியன். பொருளியல் வல்லேன் அல்லேன். ஆயினும், அன்றிரவு வீடு திரும்புங்கால் இவ்வினாவிற்குரிய விடையின் ஒரு பகுதி நம் தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்லிலேயே பொறிக்கப்பட்டுள்ளது என்பது என் நினைவிற்கு வந்தது. அதனை எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

கல்லிற் கண்டது

பெருவுடையார் கோயிலுக்குச் செல்வோருள் பெரும்பாலோர் விமானத்தின் உயரத்தை அண்ணாந்து நோக்கி வியப்பர். நந்தியின் பருமையைக் கண்டு மகிழ்வர். கல்லில் நிரை நிரையாக ஓடும் எழுத்துக்களை நின்று படிப்பார் மிகச் சிலரே. 985 முதல் 1014 வரை அரசாண்ட முதலாம் இராசராச சோழன், தான் கொடுத்தனவும், தன் தமக்கையார் குந்தவையார் கொடுத்தனவும், தன் தேவிமார் கொடுத்தனவும், பிறர் கொடுத்தனவும் ஆகிய யாவற்றையும் கல்லில் வெட்டுமாறு ஆணையிட்டான். அவ்வாணையின் பயனாகவே பொன்னும் மணியும் செப்புத் திருமேனிகளும் எத்துணை என்பதை இன்றும் நாம் எண்ணியறியக் கூடியவராய் இருக்கின்றோம்.

அக்கல்வெட்டுக்களுள் ஆடுமாடுகளைப் பற்றியன சில உள. கோயிலில் எரியும் திருவிளக்கு ஒன்றுக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் வேண்டும். அந்நெய்க்காக அரசனும் அதிகாரிகளும் கோயிலுக்கு ஆடும் பசுவும் எருமையும் கொடுத்தனர். கோயில் அவற்றைத் தன் தொழுவத்திற் கட்டி வைத்துக்கொள்ளவில்லை. விளக்கு ஒன்றுக்கு 96 ஆடு அல்லது 48 பசு அல்லது 16 எருமை எனக் கணக்கிட்டு, அவற்றை ஊர்தோறும் இருந்த இடையர்பால் ஒப்புவித்தது. பெற்றுக்கொண்டவர் இன்ன ஊரினர், இன்ன பெயரினர் என்பதும், நாளொன்றுக்கு இத்துணை நெய் அளக்கக் கடவர் என்பதும் எழுதப்பட்டன. அவ்விடையரே நம் முன்னோர். அரசன் பெயர் பொறித்த கோயிற் கல்லிலேயே ஆடு மேய்த்தவன் பெயரும் பொறிக்கப்பட்டிருத்தலை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

இங்ஙனம் பெருமை பேசி நின்றுவிடுதல் எளிது. ஆனால் அக்கல்வெட்டு நமக்குக் கொடுக்கப்பட்ட நற்சான்றுப் பத்திரம் அன்று, கடன் பத்திரம். 96 ஆடு என்பது அக்காலத்து ஒரு தொழிலாளிக்குக் கொடுக்கப்பட்ட முதல். உழக்கு நெய் என்பது அம்முதலுக்கு அவன் செலுத்திய ஆதாயம். ஆகவே இக்கல்வெட்டுக்களை, சிறு தொழிலாளர்க்கு முதல் கொடுத்த வரலாறாகவே நாம் படித்தல் தகும்.

கணக்குப் பார்ப்போம். நான்கு உழக்கு ஒரு நாழி. நாளுக்கு ஓர் உழக்கெனின் ஆண்டுக்கு ஏறக்குறைய 91 நாழி நெய்யாம். 96 ஆட்டுக்கு 91 நாழி எனவே, ஆடு ஒன்றுக்கு ஆண்டு முழுமைக்கும் ஒரு நாழிக்கும் குறைவான நெய்யே கேட்கப்பட்டது. குட்டிகளின் பெருக்கமும், எஞ்சிய பாலும் மோரும் மேய்ப்பவனுக்கு. வயலிற் கிடை போட்டால் வரும் வருவாயைச் சொல்ல வேண்டா. சம்பா அறுவடை முடிந்த பின் இராமநாதபுரத்துச் சீமையிலிருந்து கிடையோட்டி வந்து நம் தஞ்சை வயல்களில் ஆடு அமர்த்துவார்க்கு அவ்வருவாயின் அருமை நன்கு தெரியும். ஆகவே, நல்ல மழை பெய்து நோய் நொடி இல்லாத ஆண்டுகளில் இவ்வேற்பாடு இருபாலார்க்கும் நன்மை பயப்பதாகவே இருந்திருத்தல் வேண்டும்.

பொலிசை என்னும் சொல்

கோயில் ஆட்டை மட்டும் கொடுத்ததன்று, காசும் கொடுத்தது. குந்தவையாரும் பிறரும் திருமேனிகளை எழுந்தருளுவித்து, அவற்றின் வழிபாட்டுச் செலவிற்காக வைத்த காசுகள், சோழநாட்டுப் பல ஊர்ச் சபையார்க்குக் கடனாகக் கொடுக்கப்பட்டன. ஆண்டுதோறும் காசு ஒன்றுக்கு அரைக்காற் காசு, அஃதாவது நூற்றுக்கு 12½ வீதம் சபையார் செலுத்துதல் வேண்டும். சில இடங்களில் இதற்கீடாக ஆடவல்லான் என்னும் மரக்காலால் நெல் அளப்பதும் உண்டு. முதலைத் திருப்பிக் கேட்பதில்லை. அது சந்திர சூரியர் உள்ளவரையில் ஊரிலேயே நின்று பயன் தரும்.

இவ்வாதாயத்திற்குக் கல்வெட்டுக்கள் வழங்கும் பெயர் பொலிசை என்பது. பொலிதல் என்பது பெருகுதல், செழித்தல். களத்தில் தூற்றி எடுத்த நெல்லைப் பொலி என்போம். இனம் பெருக்க விடும் காளையைப் பொலிகாளை என்போம். ஆகவே பொலிசை என்பது, கொடுத்த பொருள் பொலிந்ததனால் உண்டான மிகுதியில் ஒரு கூறு என்னும் கருத்தினை உள்ளடக்கிய சொல்லாகும். பொலிந்தால் அன்றோ பொலிசை? பொலியாதவிடத்து அதனைக் கேட்பது எங்ஙனம் பொருந்தும்? இவ்வினாவை ஈண்டு நிறுத்திவைத்து மேலே செல்வோம். பின்னர் இதுவே நமக்கு முதன்மையாகும்.

பிணையாவது யாது?

இனி, கடன் கொடுப்பார் எவரும் முதலிற் கேட்பது, ஈடு யாது என்பதே. ஆடு மேய்ப்பவனிடம் நிலமில்லை, நகையில்லை. பின் கோயில் எதனை நம்பிற்று? ஆட்டைப் பெற்றவனுடைய உறவின் முறையாரும் கல்லிற் குறிக்கப்பட்டனர். அவன் நெய் அளவாதொழியின் அவர்கள் அளத்தல் வேண்டும். ஆளே ஆளுக்குப் பிணை, சுற்றமே ஈடு. சோழர் கல்வெட்டுக்கள் இடையரை மன்றாடி என்னும் பெயரால் வழங்குதலும் நோக்கத்தக்கது. அக்காலத்தில் மன்றாடி என்பது ஒரு மதிப்புடைய பெயர். இக்காலத்திலோ மன்றாடுதல் என்றால் கெஞ்சுதல் என்று பொருளாகிவிட்டது. ஒரு சொல்லின் பொருள் இவ்வாறு இழிந்தமையை நினைக்குந்தோறும் கடன்பட்டார் நெஞ்சமே என் கண்முன் நிற்கின்றது.

அன்றியும் மற்றொன்று காண்க. கோயில் தன் ஆடுகளனைத்தையும் ஓரூரில் ஒருவன்பால் விடவில்லை. பல ஊர்களில், பலர்பால் பகுத்து விட்டது. அக்காலத்தில் நாடு என்பது இன்று நாம் கூறும் தேசமன்று. சில பல ஊர்களைக் கொண்ட சிறு பிரிவே நாடு எனப்பட்டது. அத்தகைய பல நாட்டு ஊர்களிலும் கோயிலின் முதல் பரந்து கிடந்தது. ஓரூரில் கோமாரி வந்தால் மற்றோர் ஊர் விளக்கைக் காக்கும். பல நாட்டார்க்குச் சிறிது சிறிதாகக் கொடுத்தல் என்னும் முறை இன்று புதிதாகப் பிறந்ததன்று என்பது இதனால் விளங்கும்.

ஏட்டில் இறவாத ஆடு

இனி இவ்வேற்பாட்டின் குறையையும் மறையாது கூறுதல் ஆராய்வோன் கடமை. விளக்கிற்கு விட்ட ஆடுகளைச் சோழர் கல்வெட்டுக்கள் சாவா மூவாப் பேராடு என வழங்கும். சாகாதனவும் முதுமை அடையாதனவுமாகிய ஆடுகள் என்பது பொருள். உலகில் சாகாத ஆடு ஏது? செத்தவற்றிற்கு ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து, எண்ணிக்கை 96-இற் குறையாமல் மேய்ப்பவன் காத்தல் வேண்டும் என்பதே அதன் உட்கிடை. ஆடு சாகும், கணக்கு சாகாது. முதல் என்றும் இளமையாய் நிற்கும். அதனைச் சுமப்பவனே மூப்படைவான்.

இலக்கண நயம் பொருந்திய இத்தொடரை மாணாக்கர்க்கு எதிர்மறைப் பெயரெச்சத்திற்கு எடுத்துக்காட்டாகப் பலமுறை கூறி நான் மகிழ்ந்ததுண்டு. ஆண்டுகள் பல கழிந்த பின்னரே இத்தொடர் கொடுத்தவனுக்கு இனியதாய், கொண்டவனுக்குக் கொடியதாய் இருப்பதை உணர்ந்தேன். மழை பொய்த்து மந்தை பாதியானாலும் உழக்கு நெய் உழக்கே. இழப்பு முழுவதும் ஏழையின் தலைமேல் விழ, கொடுத்தவர் ஒரு துளியும் இழப்பதில்லை.

வறட்சி வந்தால் நிலை யாதாகும் என்பதற்கு நம் டெல்டாவிலேயே ஒரு சான்று உளது. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், 1201-ஆம் ஆண்டில், திருப்பாம்புரத்துக் கல்வெட்டொன்று, காலந்தப்பிப் போனமையால் காசுக்கு மூன்று நாழி நெல் விற்றதென்றும், வேளாளர் ஒருவர் தம்மையும் தம் பெண்மக்கள் இருவரையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டனர் என்றும் கூறுகின்றது. இது நெய்க் கடனைப் பற்றியதன்று. ஆயினும், பஞ்ச காலத்தில் ஏழையிடம் எஞ்சும் ஈடு அவன் உடம்பு ஒன்றே என்பதை அக்கல் நமக்குக் காட்டுகின்றது. காவிரி பாயும் நாட்டிலேயே இது நிகழ்ந்ததெனின் மற்றை நாடுகளைப் பற்றிக் கூறுவது என்?

கடல் கடந்த கடன்

நிற்க. தமிழர் கடன் கொடுத்தற்றொழிலைக் கடல் கடந்தும் நடத்தினர். நாட்டுக்கோட்டை நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கை, மலேயா, பர்மா, இந்தோசீனம் ஆகிய பல தேசங்களிற் சென்று உழவர்க்கும் சிறு வணிகர்க்கும் கடன் கொடுத்தனர். அவருள்ளும் பர்மாவின் ஐராவதி டெல்டாவில் நடந்தது நம் காவிரி டெல்டாவார் கூர்ந்து நோக்கத்தக்கது. அதுவும் நெல் விளையும் நாடு, இதுவும் நெல் விளையும் நாடு. காடாகவும் சதுப்பாகவும் கிடந்த நிலத்தைக் கழனியாக்கிய பர்மிய உழவனுக்கு மாடும் விதையும் கூலியும் இவர் கொடுத்த பணத்தால் வந்தன. வேறு எவரும் அவனுக்கு அவ்வளவில் கொடுக்க முன்வந்திலர். உலகின் மிகப் பெரிய அரிசி ஏற்றுமதி நாடாகப் பர்மா உயர்ந்ததற்கு அப்பணமும் ஒரு காரணம் என்பதை வரலாற்றாசிரியர் ஒப்புக்கொள்வர்.

ஆனால் அங்கே ஈடு ஆளன்று, நிலம். 1930-ஐ ஒட்டி உலகெங்கும் பொருள் நெருக்கடி உண்டாகி நெல்விலை வீழ்ந்தது. உழவனால் வட்டியும் கட்ட முடியவில்லை. கீழ்ப்பர்மாவின் தலைமையான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு ஆறு பங்கு நிலமே நகரத்தார் வசம் இருந்தது. 1938-இல் அது நூற்றுக்கு 25 ஆயிற்று. நிலம் வேண்டுமென்று அவர் சென்றாரல்லர். பணம் புரளவேண்டுமென்றே சென்றனர். எனினும் ஈடாகப் பிடித்த நிலம் கையில் வந்து சேர்ந்தது. நிலத்தோடு நிலமிழந்தவர் பகையும் வந்து சேர்ந்தது. 1942-இல் ஜப்பானியர் படை புக, தமிழர் பல்லாயிரவர் உயிர் தப்ப ஓடி வந்தனர். 1948-இல் விடுதலை பெற்ற பர்மா நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றியது. கொடுத்தவரும் இழந்தனர், கொண்டவரும் இழந்தனர். அன்னிய நாட்டில் கொடுத்ததனால் வந்த கேடு என்று இதனைக் கூறுவது ஒருசாரார் வழக்கம். யான் அங்ஙனம் கருதேன். விலை வீழ்ந்த ஆண்டின் இழப்பைக் கொடுத்தவரும் கொண்டவரும் பகிர்ந்துகொள்ளும் வழி எதுவும் இல்லாமையே கேட்டிற்குக் காரணம். சாவா மூவா என்னும் கொள்கை அங்கும் இருந்தது. ஆட்டிற்குப் பதில் நெல்.

கூட்டுறவின் வழி

ஐரோப்பாவில் இவ்வினாவை ஆராய்ந்தவருள் ரெய்பெய்சன் என்னும் ஜெர்மானியர் ஒருவர். சிற்றூர்களின் நிர்வாகத் தலைவராய் இருந்த அவர், வட்டிக்காரர்பால் உழவர் படும் துயரைக் கண்டு, 1864-இல் ஹெட்டெஸ்டார்ப் என்னும் ஊரில் கடன் சங்கம் ஒன்று நிறுவினார். ஒருவரை ஒருவர் அறிந்த ஓரூரார் ஒன்று சேர்ந்து, எல்லார் கடனுக்கும் எல்லாரும் பொறுப்பு ஏற்றுக்கொள்வதே அதன் அடிப்படை. நம் இடையர் உறவின் முறையார் கல்லிற் பெயரெழுதிக் கொண்டதற்கும் இதற்கும் உள்ள ஒப்புமை வெளிப்படை. வேற்றுமையும் ஒன்றுண்டு: அங்கே கொடுப்பதும் கொள்வதும் ஒரே கூட்டத்தார். ஆதலால் ஒருவன் மாடு இறந்தது மெய்யா பொய்யா என்பது கணக்கெழுதுவோனுக்கே தெரியும். தவணையைத் தள்ளிவைக்கவும் இயலும்.

சென்னை அரசாங்கத்தார் பிரடெரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியை இதனை ஆராயப் பணித்தனர். அவர் 1895-லும் 1897-லும் இரு பெரும் அறிக்கைகள் அளித்து, ரெய்பெய்சனைப் போன்றவர்களை இந்நாட்டிலும் தேடிக் காணவேண்டும் என்னும் கருத்தினை வலியுறுத்தினார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் அமைந்தது. நம் கும்பகோணத்தில் கும்பகோணம் பாங்கி தோன்றியதும் அதே 1904-ஆம் ஆண்டிலேயே. இன்று நம் ஊர்களில் உள்ள கூட்டுறவுக் கடன் சங்கங்கள் அவ்வித்தினின்று முளைத்தனவே. அவை பயிர்க்கடனாக உழவர்க்குச் செய்துவரும் உதவியை நாம் அறிவோம். ஆனால் நிலமில்லாத, ஆடு வளர்க்கும், இட்டிலி விற்கும், பாய் முடையும் பெண்மணியை அவை நெடுங்காலம் நோக்கவில்லை.

இக்காலத்து முயற்சிகள்

அப்பெண்மணியை நோக்கியவர் வங்காளத்து முகம்மது யூனுஸ். 1976-இல் சிட்டகாங் நகரையடுத்த ஜோப்ரா என்னும் சிற்றூரில் 42 பேர்க்குத் தம் கைப்பணத்திலிருந்து அவர் கொடுத்த கடன் மொத்தம் 27 டாலர் அளவே. அது 1983-இல் கிராமீன் பாங்கியாக வளர்ந்தது. ஐவர் ஐவராகக் குழுச் சேர்த்து ஈடின்றிக் கடன் கொடுக்கும் அம்முறைக்காக 2006-இல் அவர்க்கும் அப்பாங்கிக்கும் நோபெல் சமாதானப் பரிசு கிடைத்தது. நம் தமிழ்நாட்டிலும் 1989-இல் தர்மபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கப்பெற்றன. 1992 முதல் நபார்டு வங்கி அத்தகைய குழுக்களை வங்கிகளோடு இணைத்தது. நம் இல்லத்துத் தாய்மார் பலர் அக்குழுக்களில் உள்ளனர். முன்னர்க் கணவன் கையையே எதிர்பார்த்தவர் இன்று வங்கிக் கணக்கேட்டில் கையொப்பமிடுதல் அதனால் விளைந்த நன்மை.

நம் இளைஞர் கூறிய ஏற்பாடு கீவா என்னும் பெயருடையது. 2005-இல் அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் தோன்றியது. முதலிற் கடன் பெற்றவர் உகாண்டா நாட்டுச் சிறு தொழிலாளர். உலகின் எந்த மூலையிலிருந்தும் ஒருவர் 25 டாலர் முதலாகக் கொடுக்கலாம். கொடுப்பவர்க்கு வட்டி இல்லை; முதல் மட்டும் தவணை தவணையாகத் திரும்பும். ஆனால் இடையில் நின்று பணத்தைக் கொண்டு சேர்க்கும் உள்ளூர் நிறுவனங்களுட் பெரும்பாலன கடனாளியிடம் வட்டி வாங்குகின்றன என்பதையும் அறிந்துகொள்ளல் வேண்டும். கொண்டவரால் திருப்பித் தர இயலாதுபோயின், அவ்விழப்புக் கொடுத்தவரைச் சாரும். 25 டாலரைப் பத்துத் தேசத்திற் பத்துப் பேர்க்குக் கொடுத்தவர்க்கு, ஒரு தேசத்தில் ஓர் ஆடு இறந்தால் பெருங்கேடில்லை. பல நாட்டார்க்குப் பகுத்துக் கொடுத்தலின் உண்மையான பயன் இதுவே: ஒருவர் துன்பத்தைப் பொறுக்கும் வலிமை கொடுத்தவர்க்கு உண்டாகின்றது. பெருவுடையார் கோயிலுக்கும் அவ்வலிமை இருந்தது. ஆனால் அவ்வலிமையை ஏழைக்காகப் பயன்படுத்தும் விதி அதன் கல்லில் எழுதப்படவில்லை.

சிறுகடன் எல்லாம் அறம் என்று எண்ணுதலும் தவறு. ஆதாயம் கருதிப் பல நிறுவனங்கள் இத்தொழிலிற் புகுந்தன. 2010-இல் ஆந்திரத்தில் வசூற்காரர் கெடுபிடியால் கடனாளிகள் உயிர் நீத்தனர் என்னும் செய்திகள் எழ, அவ்வரசு அவசரச் சட்டம் செய்தது. 2011-இல் ரிசர்வ் வங்கி இத்தகைய நிறுவனங்களின் வட்டி நூற்றுக்கு 26-க்கு மேற்போகலாகாது என வரம்பு கட்டியது; பின்னர் அவ்வரம்பு நீக்கப்பட்டது. ஆயிரம் ஆண்டிற்கு முன் கோயில் வாங்கிய பொலிசை நூற்றுக்கு 12½ என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க. 2025-இல் நம் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் வலிந்து கடன் வசூலித்தலைத் தடுக்கும் சட்டமொன்றை நிறைவேற்றியது.

யான் கண்டது

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியற்காலத்தில் கஜாப் புயல் வேதாரணியத்தை அடுத்துக் கரையேறியது. தென்னையும் மாவும் வேரோடு சாய்ந்தன, கூரைகள் பறந்தன, ஆடுமாடுகள் கணக்கின்றி மாண்டன. சில நாள் கழித்து, தலைஞாயிற்றுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலுள்ள என் உறவினர் வீட்டிற்குச் சென்றேன். கணவனை இழந்த அவ்வம்மையார் குழுக்கடன் பெற்று ஒன்பது ஆடுகள் வாங்கி வளர்த்து வந்தவர். புயலிரவில் கொட்டகை சரிந்து ஏழு ஆடுகள் இறந்துவிட்டன. யான் சென்றபோது, கடன் கொடுத்த நிறுவனத்தின் வசூற்காரர் திண்ணையில் அமர்ந்திருந்தார். இளவயதினர், அவர் முகத்திலும் வாட்டமே. தவணை வாராவிடில் தம் சம்பளத்திற் பிடிப்பார்கள் என்றார். குழுவிலிருந்த மற்றப் பெண்டிரும் வந்து, "நீ கட்டாவிட்டால் நாங்களல்லவா கட்டவேண்டும்?" என்று நின்றனர். அவர்கள் கூரையும் போனவையே.

அம்மையார் என்னை நோக்கி, "தம்பி, ஆடு செத்துப்போச்சுன்னு எனக்குத் தெரியுது, ஊருக்குத் தெரியுது, அவுங்க நோட்டுக்குத் தெரியலையே!" என்றார்.

சாவா மூவாப் பேராடு என்பதற்கு இருபது ஆண்டாக மாணாக்கர்க்கு யான் கூறிவந்த பொருளெல்லாம் ஒருபுறம் இருக்க, அதன் உண்மைப் பொருளை எழுத்தறியாத அவ்வம்மையாரே அன்று எனக்குக் கற்பித்தார். எஞ்சிய இரண்டு ஆட்டையும் விற்றே அவர் அவ்வாண்டுத் தவணைகளைக் கட்டினார். கடன் தீர்ந்தது, தொழிலும் தீர்ந்தது.

நாம் செய்யத்தக்கது

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்குங்கால், கடன் கொடாதே என்பது விடையாகாது. கோயில் கொடாதிருந்தால் நம் முன்னோர் பலர்க்கு மந்தை ஏது? கொடுக்கும் முறையே ஆராயத்தக்கது. சங்கத்தார் ஆலோசனைக்காக எளியேன் கருத்தை நான்காகத் தொகுத்துக் கூறுகின்றேன்.

முதலாவது, ஈடாக நிலமோ நகையோ பிடித்தல் வேண்டா. ஆளையே பிணையாகக் கொள்க. ஆனால் அப்பிணை, சோம்பலையும் பொய்யையும் தடுத்தற்குரியதாக இருக்கட்டும். புயலுக்கும் நோய்க்கும் அண்டைவீட்டுப் பெண்மணியைப் பொறுப்பாக்குதல் அறமன்று.

இரண்டாவது, வட்டி விகிதமும், யார் எவ்வளவு பெற்றார், எவ்வளவு செலுத்தினார் என்பதும் சங்கக் கட்டிடத்தில் எல்லாரும் காண எழுதப்படுதல் வேண்டும். இராசராசன் கல்லில் வெட்டினான். நாம் பலகையிலேனும் எழுதுவோம். மறைவில் நடக்கும் கடனிலேயே கெடுபிடி பிறக்கின்றது.

மூன்றாவது, நிதியை ஓரூரிலும் ஒரு தொழிலிலும் முடக்காமல், நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், மயிலாடுதுறை ஆகிய நான்கு மாவட்டத்து நம் குடும்பங்கட்கும், ஆடு, பால், தையல், சிறுகடை எனப் பல தொழிற்கும் சிறிது சிறிதாகப் பகுத்திடுக. கடலோரத்திற் புயலடித்தால் மேட்டுப் பகுதி தாங்கும். கடன் பெற்று வாங்கும் கால்நடைகட்கு அரசாங்கக் காப்பீட்டைச் செய்து, காதில் வில்லை பொருத்திய பின்னரே பணம் கொடுத்தல் நன்று.

நான்காவதே தலையாயது. நம் கணக்கேட்டில் பெயர், தொகை, தவணை என்னும் நிரல்களோடு இறந்தது என ஒரு நிரலும் இருத்தல் வேண்டும். ஆடு இறந்ததெனச் சங்கத்தார் இருவர் நேரிற் கண்டு கையொப்பமிட்டால், அத்தொகையில் ஒரு பாதியை நிதி தள்ளிவிடட்டும்; மற்றப் பாதிக்குத் தவணையை நீட்டட்டும். இதற்கென ஆண்டு வருவாயில் ஒரு பகுதியை முன்னமே ஒதுக்கி வைத்தல் கூடும். பொலிந்தால் பொலிசை, பொலியாதபோது பொறுமை. இதனால் நிதி சிறிது குறையலாம். முற்றும் குறைந்துபோம் என அஞ்சுவார்க்கு யான் கூறுவது ஒன்றே: அவ்வம்மையார்க்கு அன்று ஓராண்டு தவணை பொறுத்திருந்தால், அவ்விரண்டு ஆடும் குட்டி ஈன்றிருக்கும், கடனும் திரும்பியிருக்கும், அவர் இன்றும் நம் நிதிக்குச் சந்தா செலுத்துபவராய் இருந்திருப்பார்.

அன்னிய நாட்டார்க்குக் கொடுத்துவரும் நம் இளைஞரைப் பார்த்து, உள்ளூரை விட்டு வெளியூர்க்குக் கொடுக்கலாமா என்று குறை கூறினார் சிலர். அவர் செய்வது நன்றே. அதனை அவர் விடவேண்டா. முகமறியாதவர் ஆடு இறந்தால் பொறுத்துக்கொள்ளும் அவர் மனத்தை, முகமறிந்தார்பாலும் நாம் கொள்வோமானால் அதுவே போதும்.

வரும் பொதுக்கூட்டத்தில் இதனைச் சங்கத்தார் எடுத்துக்கொண்டு, ஆராய்ந்து முடிவு செய்வாராக. கணக்கேட்டிற்குக் கோடு போடுங்கால் அந்நான்காம் நிரலை மறவாதிருக்குமாறு காரியதரிசி அவர்களைப் பணிவுடன் வேண்டுகின்றேன்.